என் மகள் பெயர் ஏலா

1

போன மாதம் என் மகளுக்குப் பதினோரு வயது நிறைந்தது. கேக்கின் மேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "அம்மா, அடுத்த வருஷம் இந்தப் பேரு வேணாம்" என்றாள்.

"சரி, பேரு எழுதாத கேக்கா வாங்கிருவோம்" என்றேன்.

"கேக்குல இல்லம்மா. எனக்கே வேணாம்."

வந்திருந்த பிள்ளைகள் பலூனை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. மறுவாரம் பள்ளியிலிருந்து போன் வந்தபோதுதான் அதை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

நான் சிலமலைக்காரி. கட்டிக்கொடுத்தது போடியில். இப்போது இருப்பது போர்ச்சுகலின் தென்மேற்குக் கடலோரம். பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் ராஸ்பெரிப் பழம் வளர்க்கிற ஊர். என் வீட்டுக்காரர் பாண்டி கூடாரங்களுக்குத் தண்ணீர் போகிற குழாய்களையும் மோட்டார்களையும் பார்த்துக்கொள்கிறார். நான் பழத்தைத் தரம் பார்த்து டப்பாவில் அடைக்கிற கொட்டகையில் நிற்கிறேன். குளிர்ந்த கொட்டகை. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்போம்.

அங்கே நிற்கும்போதுதான் போன் வந்தது. பேசியவர் பள்ளியின் தலைமை ஆசிரியர். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துச் சொன்னார். "உங்கள் மகள் ஒரு பையனைப் படிக்கட்டிலிருந்து தள்ளிவிட்டாள். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. வியாழக்கிழமை வாருங்கள். போர்த்துகீசியம் நன்றாகத் தெரிந்த யாரையாவது உடன் அழைத்து வாருங்கள்."

வீட்டுக்கு வந்தால், அவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள்.

"நீ தள்ளுனியா?"

"இல்ல."

"பெறகு ஏன் ஓம் பேரச் சொல்றாங்க?"

எழுந்து உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "எம் பேர யாரும் சொல்லல. தியாகோ 'அவ'ன்னுதான் சொன்னான்."

போர்த்துகீசியத்தில் 'எலா' என்றால் 'அவள்'. முதல் எழுத்தைக் குறுக்கிச் சொல்வார்கள். ஏலா என்ற என் மகளை இங்கே எல்லோரும் கூப்பிடுவதும் அப்படி 'எலா' என்றுதான். கீழே விழுந்த தியாகோ கையைப் பிடித்துக்கொண்டு "ஃபோய் எலா" என்று அழுதிருக்கிறான். 'அவதான்' என்று அர்த்தம். ஓடிவந்து தூக்கிய பள்ளி ஆயாவுக்கு, அந்த வகுப்பில் எலா என்று ஒரு பிள்ளை இருப்பது தெரியும். முடிந்தது கதை. அன்று காலையில்தான் தியாகோவுக்கும் இவளுக்கும் ஏதோ சண்டை என்பதால், இவள் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

"எம் பேரா இருந்தா 'ஃபோய் அ எலா'ன்னு சொல்லியிருப்பான்" என்றாள். பெண்பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் இந்த ஊரில் ஒரு 'அ' சேர்த்துப் பேசுவார்கள். அ மார்த்தா வந்தாள், அ இனேஸ் போனாள் என்று. "அந்த 'அ' இல்லன்னா அது நான் இல்லம்மா. டீச்சர்ட்ட சொன்னேன். சாக்குச் சொல்லாதன்னுட்டாங்க."

பிறகு, ஷூவைக் கழற்றிக்கொண்டே, "நீயும் அந்த 'அ'வ எப்பவும் விட்டுருவ" என்றாள்.

உண்மைதான். தமிழில் பேருக்கு முன்னால் என்னத்தைப் போடுகிறோம்? பள்ளிக்குப் போன் செய்து, "எலாவுக்குக் காய்ச்சல், இன்றைக்கு எலா வரமாட்டாள்" என்பேன். எதிர்முனையில், "எவளுக்குக் காய்ச்சல்?" என்பார்கள். இத்தனை வருஷமும் அதை ஒரு சிரிப்பாகத்தான் வைத்திருந்தோம்.

2

இந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது வயிற்றுக் குமட்டலால்.

இங்கே வந்த கொஞ்ச நாளிலேயே உண்டாகிவிட்டேன். எதைத் தின்றாலும் வெளியே வந்துவிடும். வெந்நீர்கூடத் தங்காது. ஊரிலிருந்து கிளம்பும்போது அப்பா ஒரு பை நிறைய ஏலக்காய் கொடுத்துவிட்டிருந்தார். அப்பா ஜீப்பு ஓட்டுகிறவர். விடிந்தும் விடியாமலும் போடியில் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு தாண்டி ஏலக்காய் எஸ்டேட்டுகளில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். அந்தப் பையிலிருந்து ஒரு காயை எடுத்துக் கடித்தபடி இருந்தால் மட்டும் குமட்டல் அடங்கும். வேலை முடிந்து வந்ததும் பாண்டி என் வயிற்றைப் பார்த்து, "ஏலா என்ன செய்றா?" என்பார். பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. வடமொழியில் ஏலா என்றாலே ஏலக்காய்தான், நம் ஏலத்திலிருந்தே அந்தச் சொல் அங்கே போயிருக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு என்பதெல்லாம் நான் பின்னால் படித்தது.

போனில் பெயரைச் சொன்னதும் மாமனாருக்குப் பிடிக்கவில்லை. "என்னம்மா பேரு இது? திருநெல்வேலிக்காரங்க பொம்பளப் பிள்ளையக் கூப்பிடுற மாதிரில்ல இருக்கு. ஏலா, இங்க வாலான்னு. நாலு பேரு மத்தியில பேத்தி பேர எப்படிச் சொல்றது?"

"வாய் நிறையச் சொல்லுங்க மாமா" என்றேன்.

3

அவள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பொட்டலம் மாதிரி இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே வைத்திருந்தார்கள். பெட்டியின் ஓரத்தில் இருக்கும் ஓட்டை வழியாகக் கையை விட்டு ஒரு விரலால் தொடலாம். அதற்கும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

டாக்டர்கள் நல்லவர்கள். ஆனால் எதையும் உறுதியாகச் சொல்லமாட்டார்கள். "பார்க்கலாம்" என்ற சொல்லைத்தான் அந்த மொழியில் நான் முதலில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

பக்கத்துப் பெட்டியில் இருந்தது கத்ரின் என்பவளின் மகன். அவள் எஸ்தோனியா நாட்டுக்காரி. இந்த ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவள். அவளுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலமும் அரைகுறை போர்த்துகீசியமும்தான். ஒருநாள் நான் பெட்டிக்குள் விரலை விட்டு, "ஏலா, ஏலா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கத்ரின் அழுதுகொண்டு நிற்கிறாள். அவள் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனேன்.

"உனக்கு எப்படி எங்கள் மொழி தெரியும்?" என்றாள்.

தெரியாது என்றேன். அது என் பிள்ளையின் பெயர் என்றேன்.

எஸ்தோனிய மொழியில் 'எலா' என்றால் 'உயிரோடு இரு' என்று அர்த்தமாம். அவளும் தன் பெட்டிக்குள் கையை விட்டுக் காலையிலிருந்து அதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு இருந்தாளாம். அதையே பக்கத்தில் ஒருத்தி வாய்விட்டுச் சொல்லவும் தாங்க முடியவில்லை.

அதற்கப்புறம் அவள் மகனையும் அந்தச் சொல்லால்தான் நான் கூப்பிட்டேன். இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்கு வந்தார்கள். கத்ரின் குடும்பம் பிறகு வடக்கே போய்விட்டது. இன்றும் பேசிக்கொள்கிறோம்.

4

பெயர் பதிகிற அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பாண்டி எழுதிக் கொடுத்ததைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"பெயரை எழுதுங்கள்."

"எழுதியிருக்கிறோம்."

"இது பெயர் இல்லை. 'அவள்' என்று எழுதியிருக்கிறீர்கள்."

எங்கள் ஊரில் இது ஏலக்காய் என்றார் பாண்டி. அந்த அம்மாள் கோபப்படவில்லை. சட்டத்தை விளக்கினார். இந்த நாட்டில் பிள்ளைக்கு எந்தப் பெயரையும் வைத்துவிட முடியாது. பெயர் பெயராக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பெற்றோர் என்பதால் ஒரு வழி இருக்கிறது. உங்கள் நாட்டில் இது வழங்குகிற பெயர்தான் என்று உங்கள் தூதரகம் எழுதிக் கொடுக்கட்டும். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு தாயாகச் சொல்கிறேன். கடைசியில் ஓர் எழுத்தை மாற்றுங்கள். எலெனா, எலிசா, எவ்வளவு அழகான பெயர்கள் இருக்கின்றன. பிள்ளை பாவம்" என்றார்.

பாண்டி என்னைப் பார்த்தார். அவருக்கு மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தது. வாடகைக் காரில் அத்தனை தூரம் வந்திருக்கிறோம். தூதரகம் தலைநகரத்தில் இருக்கிறது.

"மாத்த வேணாங்க" என்றேன். "அந்தப் பேரச் சொல்லித்தான் அவளப் பெட்டிக்குள்ள இருந்து எடுத்தோம்."

தலைநகரத்துக்குப் போனோம். அங்கே வேறு ஒரு தாள் கேட்டார்கள். திரும்பி வந்து அதை வாங்கிக்கொண்டு மறுபடி போனோம். நோட்டரி, முத்திரை, மொழிபெயர்ப்பு, அதற்கு ஒரு முத்திரை. கைக்குழந்தையோடு பஸ்சில் அலைந்த அந்த மாதங்களில் நான் சலித்துக்கொள்ளவில்லை. கடைசியில் எல்லாத் தாளையும் அதே அம்மாளின் மேஜையில் வைத்தேன். பொறுமையாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "நீங்கள் பிடிவாதக்காரி" என்றார். அந்தச் சொல் எனக்கு அப்போது தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

5

போன வருஷம் பள்ளி விடுமுறைக்குப் போடிக்குப் போயிருந்தோம். பஸ்டாண்டு பக்கம் நடக்கும்போது இவள் திடீரென்று நின்றுவிட்டாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "ஏ... ல... அம்மா, எம் பேரு போர்டுல இருக்கு" என்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஏல மையம் என்று எழுதிய பலகை. நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மலைச்சரக்கு விலைக்குப் போகிற இடம். அது ஏலக்காயைச் சொல்லவில்லை, போட்டி போட்டு விலை கேட்டு வாங்குவதற்கும் ஏலம் என்றுதான் பெயர் என்று விளக்கினேன்.

"அப்ப என்னைய விக்கிறாங்களா?" என்றாள்.

அன்று சாயங்காலம் போனில் தேடிப் பார்த்தேன். விற்கிற ஏலம் நம் சொல்லே இல்லையாம். போர்த்துகீசியர் கப்பலில் கொண்டுவந்த 'லெய்லாவ்' என்ற சொல். அவர்களுக்கும் அது அரபுக்காரர்களிடமிருந்து வந்தது என்கிறார்கள். மலையாளத்தில் இன்னும் 'லேலம்' என்றே நிற்கிறது. மலையேறி இறங்கும்போது நாம் முன்னால் இருந்த 'ல்'லை உதிர்த்துவிட்டோம். அதனால் காயும் ஏலம், விற்பனையும் ஏலம் என்று ஆகிவிட்டது.

 நான் இவள் பள்ளி வாசலில் நின்று தடுமாறுகிற அந்த மொழி, நான் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே என் ஊர்க் கடைத்தெருவுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் எந்தத் தாளும் கேட்டு நிறுத்தவில்லை.

மறுநாள் அப்பாவின் ஜீப்பில் மலைக்குக் கிளம்பும்போது இதைச் சொன்னேன். அப்பா சாவியைத் திருகிக்கொண்டே, "நம்ம சரக்கு அங்க போயிருக்கு, அவங்க சொல்லு இங்க வந்திருக்கு. வெரசா ஏறு ஆத்தா, மெட்டுல பனி எறங்கிரும்" என்றார்.

ஜீப்பில் வேலைக்குப் போகிற பெண்கள் நெருக்கிக்கொண்டு இடம் கொடுத்தார்கள். பெயரைக் கேட்டார்கள். ஏலா என்றதும் ஒரு அக்கா, "ஏலக்காய்ப் பிள்ளையா? அப்ப நாங்க தெனமும் ஒன்னையத்தான் பறிக்கப் போறோம்" என்று கன்னத்தைக் கிள்ளினார். எல்லோரும் சிரித்தார்கள். எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கிறவர் கொல்லத்துக்காரர். அவர் பங்குக்கு, "எங்கட நாட்டில் ஏலா என்னு பறஞ்ஞால் வயல். நெல்லு விளையுற ஸ்தலம்" என்றார்.

இவளுக்கு ஒன்றும் ரசிக்கவில்லை. செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்க, காய் மட்டும் அடியில், மண்ணை ஒட்டிக் கிடக்கும் சரத்தில் காய்த்திருப்பதைக் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, என்னிடம் போர்த்துகீசியத்தில் கேட்டாள். மனசில் இருப்பதைச் சொல்ல அவளுக்கு இப்போது அந்த மொழிதான் வருகிறது.

"அங்கே நான் 'அவள்'. இங்கே நான் காய், வயல், விற்பனை. எந்த ஊரில் என் பெயர் வெறும் பெயராக இருக்கும்?"

 கத்ரின் சொன்னதைச் சொன்னேன். அது இவளுக்கு ஏற்கெனவே தெரியும், பலமுறை கேட்டிருக்கிறாள். "அது நீ என்னைக் கூப்பிட்டது. மற்றவர்கள் கூப்பிடுவது வேறு" என்றாள்.

6

வியாழக்கிழமை பாண்டிக்கு லீவு கிடைக்கவில்லை. போர்த்துகீசியம் நன்றாகத் தெரிந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிப் போகச் சொன்னார். வேண்டாம் என்றேன். என் பிள்ளைக்காக இன்னொருத்தி பேசினால், எந்த இடத்தில் குரலை உயர்த்துவது, எந்த இடத்தில் விடுவது என்பது அவளுக்குத் தெரியாது. கொட்டகையில் நின்ற நேரமெல்லாம் ஒரே கேள்வியை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

தலைமை ஆசிரியர், வகுப்பு ஆசிரியை, தியாகோ, அவன் அம்மா எல்லோரும் இருந்தார்கள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனவன் அன்றுதான் பள்ளிக்குத் திரும்பியிருந்தான். என் மகள் என் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

தலைமை ஆசிரியர் நடந்ததைச் சொல்லி முடித்தார். சில நாட்கள் இவளைப் பள்ளிக்கு வராமல் நிறுத்திவைக்கப் போவதாகச் சொன்னார். "மொழிபெயர்க்க யாரும் வரவில்லையா?" என்றார்.

"நான் வந்திருக்கிறேன்" என்றேன்.

தியாகோவின் பக்கம் திரும்பினேன். "கை வலிக்கிறதா?" என்று கேட்டேன். கொஞ்சம் என்றான். பிறகு, பழகி வைத்ததைக் கேட்டேன்.

"நீ விழுந்தபோது என்ன சொன்னாய்? எலாவா? அ எலாவா?"

தலைமை ஆசிரியர் புருவத்தைச் சுருக்கினார். என் உச்சரிப்பு சரியில்லையோ என்று பயந்துபோனேன். ஆனால் வகுப்பு ஆசிரியையின் முகம் மாறிவிட்டது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

தியாகோ அவன் அம்மாவைப் பார்த்தான். "சொல்லு" என்றாள் அவள்.

"எலா" என்றான். "அவள்தான் என்று சொல்லிக் கையைக் காட்டினேன். பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி. மாடியிலிருந்து ஓடி வந்து மோதிவிட்டாள். பெயர் தெரியாது." பிறகு என் மகளைப் பார்த்து, "இவள் என்று நான் சொல்லவே இல்லை. இவளாக இருந்தால் பெயரைச் சொல்லியிருப்பேனே" என்றான்.

"உன்னிடம் யாரும் மறுபடி கேட்கவில்லையா?" என்றார் தலைமை ஆசிரியர்.

"இல்லை."

அவர் எழுந்து வந்து என்னிடம் கையை நீட்டினார். தவறு நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றார்.

நான் கையைக் கொடுக்கவில்லை. "என்னிடம் வேண்டாம். அவளிடம் சொல்லுங்கள்" என்றேன். இலக்கணம் சரியாக இருந்ததா என்று இன்றுவரை தெரியாது. அவருக்குப் புரிந்தது. என் மகள் முன்னால் போய் நின்று சொன்னார். வகுப்பு ஆசிரியையும் சொன்னார். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கியிருந்தது. "அன்றைக்கே நீ சொன்னாய், நான் காதில் வாங்கவில்லை" என்றார். அதற்குப் பிறகுதான் இரண்டு பேருக்கும் கை கொடுத்தேன்.

7

திரும்பி வரும்போது கடல் காற்று ஆளைத் தள்ளியது.  இந்தச் சண்டையில் நான் ஜெயித்தது எனக்குத் தெரியும். அதை வைத்து இவளை மடக்கக் கூடாது என்பதும் தெரியும். பெயர் வைத்தது நானாக இருக்கலாம். சுமக்கிறவள் அவள்.

"திங்கக்கிழமை லீவு சொல்லிருக்கேன்" என்றேன். "பேரு மாத்துற ஆபீசுக்குப் போவோம். என்ன பேரு வேணும்னு யோசிச்சு வையி. கையெழுத்து நான் போடுறேன். அப்பாட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் நின்றுவிட்டாள். "நெசமாவா?"

"நெசமாத்தான்."

கொஞ்ச தூரம் போனோம். ஒரு கல்லை ஷூவால் உதைத்துக்கொண்டே வந்தாள்.

"வேணாம்மா" என்றாள்.

"எனக்காகச் சொல்லாத."

"ஒனக்காக இல்ல. இப்பப் போயி மாத்துனா, நாந்தான் தள்ளுனேன், அதான் பேர மாத்திக்கிட்டேன்னு ஆயிரும். நான் ஏன் மாத்தணும்? நான் ஒண்ணும் செய்யல."

"பெறகு?"

"பெறகு வேணும்னா நானே போயி மாத்திக்குவேன். பெரியவளானப்புறம். நீ வர வேணாம்."

சரி என்றேன். அவ்வளவு தூரம் அவளாக யோசித்திருக்கிறாள் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது. லீவை ரத்து செய்தேன்.

திங்கட்கிழமை காலை பள்ளி பஸ்சுக்குப் புது டிரைவர் வந்திருந்தார். வயதானவர், குளிருக்குத் தொப்பி போட்டிருந்தார். ஏறுகிற பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். நான் ரோட்டின் இந்தப் பக்கம் நின்றேன்.

"உன் பெயர்?"

"எலா."

டிரைவர் பின்னால் நின்ற பிள்ளைகளை எட்டிப் பார்த்தார். "அவளா? எவள்?"

என் மகள் படியில் ஏறி அவருக்கு நேராக நின்றாள்.

"நான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.